லேசர் அக்காவின் முதுகு

லேசர் அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை பார்த்ததெல்லாம் முதுகு, நீளப் பின்னல், சாம்பல் நிற மேல்கோட்டு. கட்டடக்கலை முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அட்டையையும் பென் டிரைவையும் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்போம். கட்டில் நீளத்துக்கு ஓர் இயந்திரம், மேலே கண்ணாடி மூடி, அதன் எதிரே ஸ்டூலில் அக்கா. உள்ளே ஊசிமுனை அளவு வெளிச்சம் அட்டையின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். திரும்பாமலே கேட்பார்: "ஃபைல் பேர் என்ன?"

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருந்த பல்கலைக்கழகம் அது. சுற்றிலும் வயல். எங்கள் துறைக்கு லேசர் வெட்டும் இயந்திரம் வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கத்தியும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு மூன்று நாள் வெட்டும் மாடலை அது அரை மணியில் வெட்டிக் கொடுத்துவிடும். கணினியில் சிவப்புக் கோடு போட்டால் அறுத்தெடுக்கும், நீலக் கோடு போட்டால் மேலாகக் கீறிவிடும். சுவர், படிக்கட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் தனித்தனித் துண்டாக வந்து விழும். எடுத்து ஒட்டினால் கட்டடம்.

அக்காவின் பெயர் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியர்களுக்கும் அவர் லேசர் அக்காதான்.

லேசர் எரித்துத்தான் வெட்டுகிறது. அட்டை கொஞ்சம் வளைந்தாலோ, வெட்டிய துண்டு நிமிர்ந்து நின்றாலோ, ஒரு நொடியில் தீப்பிடிக்கும். ஓடும் இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது என்று விற்ற கம்பெனிக்காரர்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தாளை உண்மையாக எடுத்துக்கொண்டவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் அக்கா ஒருவர்தான். இயந்திரம் ஓடும்போது அவர் போன் எடுக்க மாட்டார். டீ குடிக்க மாட்டார். பேசுவார், ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முதலில் எனக்கு அது அகங்காரம் என்று தோன்றியது. ஒரத்தநாட்டில் அப்பாவுக்கு உரக்கடை, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் வரிசை நாற்காலி எங்களுக்கு. என்னிடம் முதுகைக் காட்டிப் பேசியவர்கள் அதற்கு முன் இல்லை.

முதல் மாடலிலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. துண்டுகளை ஒன்றோடொன்று செருகி நிறுத்துவதுபோல் வரைந்திருந்தேன். திரையில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டைச் செருகும் பள்ளத்தை இன்னும் சின்னதாக வரையச் சொன்னார். நான் அளவு பார்த்துத்தான் போட்டேன் என்றேன்.

"நீ போட்ட அளவு கோட்டுக்கு. வெளிச்சம் தின்னது போக மிச்சம்தான் உனக்கு."

அப்படியே வெட்டுங்கள் என்று நின்றேன். மறுபேச்சில்லாமல் வெட்டிக் கொடுத்தார். ஆசிரியர் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தபோது நான்கு சுவரும் லொடலொடவென்று ஆடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. மறுநாள் போனேன். "பள்ளத்தைச் சின்னதாக்கிட்டியா?" என்றார். ஆக்கிவிட்டேன் என்றேன். நேற்று நடந்ததை அவர் கேட்கவே இல்லை. அன்றைக்குத்தான் இயந்திரம் நின்றிருந்த நேரமாகப் பார்த்துப் போயிருந்தேன். முகத்தைப் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். சிரிக்கும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழிந்தது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் வெள்ளைப் பலகை ஒன்று வாங்கி வந்தான். அக்ரிலிக் என்று கடைக்காரர் கொடுத்திருந்தார். அக்கா அதை முகர்ந்து பார்த்தார், நகத்தால் அழுத்தினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எடுத்து, லைட்டரில் சிவக்கச் சுட்டு, பலகையின் ஓரத்தில் தேய்த்து, மறுபடி தீயில் காட்டினார். சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"இதுல குளோரின் இருக்கு. வெட்டினா வர்ற புகை முதல்ல என் நெஞ்சுக்குப் போகும், அப்புறம் மெஷின் இரும்புக்குப் போகும். எனக்கு ரெண்டும் வேணும்."

அவன் கெஞ்சினான், மறுநாள் காலை மதிப்பீடு என்றான். அக்கா தன் அலமாரியிலிருந்து முந்தைய வருடத்து மாணவர்கள் விட்டுப்போன அட்டைகளை எடுத்துப் போட்டு, பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். அவன் மாடல் ஐந்து நிறத்தில் நின்றது. பரவாயில்லாமல்தான் இருந்தது.

நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவர் ஊர். அம்மா நடவுக்குப் போகிறவர். அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். அந்தத் தெருவில் முதலில் டிப்ளமோ முடித்த பெண் இவர். படித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்தார். அந்த வருடங்களில் எங்கள் பகுதியிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் அங்கே போனார்கள். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்களில் இவரும் ஒருவர்.

தொழிற்சாலையில் ஏதோ விபத்தைப் பார்த்திருக்க வேண்டும், அதனால்தான் இவர் இப்படிக் கண் எடுக்காமல் இருக்கிறார் என்று நாங்களாகவே ஒரு கதை வைத்திருந்தோம். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா," என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி. "எங்க ஊரு கடைமடை, வாய்க்காலோட கடைசி. முறைத் தண்ணி வர்ற அன்னிக்கு மடைகிட்ட ஆளு நிக்கணும். நகந்தா மேல உள்ளவங்க அடைச்சுக்குவாங்க. எங்கப்பா சோறு திங்கப் போனா நான்தான் நிப்பேன். இங்க ஃபேன் இருக்கு, ஸ்டூல் இருக்கு. இது சுலபம்."

அவருக்கு மாப்பிள்ளை பார்த்த கதை எங்கள் துறையில் ரொம்ப நாள் ஓடியது. நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது நடந்தது. பெண் எங்கே வேலை பார்க்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று மாப்பிள்ளையும் அவருடைய அத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலைந்து பேர் கதவருகே நின்றோம். அக்கா திரும்பாமலே, "வாங்க, உக்காருங்க, இருவது நிமிஷம் ஆகும்" என்றார். அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. பெண்ணின் முதுகைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம் என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னார். மாப்பிள்ளை கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். சம்பா அறுவடைக்கு இங்கே, பிறகு ஆந்திரா, கர்நாடகா என்று வருடத்தில் பாதி நாள் வெளியூரில். அவர் மெதுவாக நடந்துபோய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, அவர் பார்ப்பதையே தானும் பார்த்தார். இருபது நிமிடமும் பார்த்தார். வெட்டி முடிந்து வெளிச்சம் அணைந்ததும்தான் பேசினார்.

"நானும் இப்படித்தாங்க. வண்டி வயல்ல இறங்கிட்டா யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். திரும்பினா கதிரை விட்டுட்டு வரப்பை அறுத்துரும்."

தை பிறந்ததும் கல்யாணம். நாங்கள் பஸ் பிடித்துப் போய்வந்தோம்.

அதே குணம்தான் அடுத்த வருடம் அவருக்கு வினையாகவும் வந்தது. நான் இறுதியாண்டு. வசதிகளைப் பார்த்து மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. துறைத் தலைவர் வியர்த்துப்போய் முன்னால் வர, நிர்வாக அதிகாரி விருந்தினர்களை அழைத்துக்கொண்டு பின்னால் வந்தார். என் தோழியின் மாடல் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய பலகை, நெருக்கமான கோடுகள். எழுந்து வணக்கம் சொல்லும்படி துறைத் தலைவர் அக்காவிடம் சொன்னார்.

"வணக்கங்க," என்றார் அக்கா, கண்ணாடியைப் பார்த்தே. "இன்னும் ஏழு நிமிஷம் ஓடும். முடிஞ்சதும் எல்லாத்தையும் காட்டுறேன்."

குழுவில் இருந்த வயதான அம்மையார் ஒருவர் தலையாட்டினார், காத்திருக்கவும் தயாராக இருந்தார். நிர்வாக அதிகாரி அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விட்டார். ஒரு வாரத்தில் அக்காவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். "எங்கேருந்து வந்தோம்ங்கிறதை மறந்துடறாங்க" என்று அந்த அதிகாரி சொன்னதாகச் செய்தி எங்கள் வரை வந்தது. அக்காவின் ஊரைப் பற்றி, அந்தத் தெருவைப் பற்றித்தான் அவர் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதே தெரியும். எழுந்து நிற்காத பேராசிரியர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் நான் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அக்காவின் இடத்துக்குக் கணினி மையத்திலிருந்து தினேஷை அனுப்பினார்கள். தற்காலிக ஊழியர், நல்ல மனிதர். கணினி மையத்தையும் அவர்தான் பார்க்க வேண்டும், இதையும் பார்க்க வேண்டும். ஆகவே இறுதியாண்டு மாணவர்களுக்கு இயக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது பிடித்திருந்தது. கேள்வி கேட்க ஆளில்லை. அட்டையை வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஓடியது. எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

என் இறுதித் திட்டம் ஒரு நெல் கொள்முதல் நிலையம். மழையில் நனையாமல் நெல்லைக் கொட்டி, காயவைத்து, எடை போட்டு ஏற்றும்படி ஒரு பெரிய கூரை. ஐந்து மாத உழைப்பு. மதிப்பீட்டுக்கு எட்டு நாள் இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே வெட்டியிருந்த துண்டுகளை இயந்திர மூடிக்குள் இருந்த பக்கத் தட்டிலேயே அடுக்கிவிட்டு, நிலத்துக்கான நெளி அட்டையை உள்ளே வைத்து ஓடவிட்டேன். கணினி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்று தினேஷ் கிளம்பினார். "பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சிங்கப்பூர் எண். ஒரு மாதமாக நான் காத்திருந்த அழைப்பு. அறைக்குள் சிக்னல் இருக்காது. வராந்தாவுக்குப் போனேன். என் வரைபடங்கள் பிடித்திருக்கின்றன என்றார்கள், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்கள். வயலைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு நிமிடம் பேசியிருப்பேன்.

திரும்பியபோது கதவு வழியாகப் புகை வந்தது. உள்ளே கண்ணாடி மூடி முழுக்க ஆரஞ்சு நிறம். கதவருகிலேயே நின்றுவிட்டேன். அதற்குள் முற்றத்தைக் கடந்து யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம். எதிர்க் கட்டடத்து ஸ்டோர் ரூமிலிருந்து அக்கா. புகைக்குழாயில் கறுப்பாகப் புகை வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. புகையை வெளியேற்றலாமென்று உறிஞ்சு விசிறியின் வேகத்தைக் கூட்டப் போனேன்.

"ஃபேனை நிறுத்து. நெருப்பை இழுத்துக்கிட்டுக் குழாய்க்குள்ள போயிரும்."

நிறுத்தினேன். அவர் தீயணைப்பானை எடுத்து, மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, இடைவெளி வழியே அடித்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே பெல்ட் உருகித் தொங்கியது. பக்கத் தட்டில் நான் அடுக்கியிருந்த கூரை, தூண், எடை மேடை எல்லாம் கரி.

அக்கா இருமி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க இருந்த?"

"உள்ளதான்க்கா இருந்தேன். திடீர்னு புடிச்சிருச்சு."

என் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கண்ணைத் தாழ்த்தினேன். ஸ்டோரைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் விசாரணை. நான் உள்ளே இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படியென்றால் தவறு, மாணவியைத் தனியாக விட்டுப் போனவருடையது. தினேஷை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று பதினோரு மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாபநாசத்தில் அவர் மனைவிக்கு அது ஏழாவது மாதம். அவர் யாரிடமும் வாதாடவில்லை. கணினி மையத்துச் சாவிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அக்காவையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே வந்தவரை மாடிப்படி அருகே மறித்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். தீயை எப்படி அணைத்தேன் என்று மட்டும் கேட்டார்கள், அதைச் சொன்னேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"புகையைப் பாத்துட்டுக் கிளம்பும்போதே உன்னை வராந்தாவுல போனோட பாத்தேன். நாலு மணிக்கு எனக்கு வேலை முடியும். நேரா ஹெச்சோடிகிட்ட போய் அதைச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னால நீ போய்ச் சொல்லிட்டா, நான் மாடி ஏற வேண்டியதில்ல."

கோபமே இல்லாத குரல். ஃபைல் பெயர் கேட்பாரே, அதே குரல்.

எனக்குத்தான் கோபம் வந்தது. இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். என் ஐந்து மாதம் எரிந்துவிட்டது, சிங்கப்பூர் கையருகில் இருக்கிறது, தினேஷுக்கு வேறு வேலை கிடைக்காதா என்று நினைத்தேன். கேன்டீனில் ஒரு டீயை வாங்கி ஆறவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்டோர் ரூம் ஜன்னல் தெரியும். அக்கா காகிதக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் போவேனா மாட்டேனா என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உண்மை நாலு மணிக்குள் எப்படியும் மாடி ஏறிவிடும். யார் காலில் ஏறுகிறது என்பது மட்டும்தான் பாக்கி. இரண்டரை மணிக்கு நான் எழுந்து மாடிக்குப் போனேன். முதல் வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு வந்துவிட்டது.

தினேஷ் கணினி மையத்திலேயே இருந்தார். என் மதிப்பீட்டை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். சிங்கப்பூர் நிறுவனம் மிக மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பியது, அவ்வளவுதான். அப்பா ஒரத்தநாட்டிலிருந்து வந்து துறைத் தலைவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அதற்குத்தான் நான் அழுதேன்.

இயந்திரத்தைச் சரிசெய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்தார். விசிறியை நிறுத்தியது யார் என்று கேட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் குழாய் வழியே தீ மேல்தளம் வரை போயிருக்கும் என்றார். துறைத் தலைவர் அன்றே நிர்வாகத்துக்குப் போய், அக்காவைத் திரும்பக் கேட்டார். எப்போதும் பயந்து பேசும் மனிதர், அன்று பயப்படவில்லை என்று பியூன் சொன்னார். அக்கா உடனே சரி என்றுவிடவில்லை. இயந்திரம் ஓடும்போது யார் வந்தாலும் தன்னை எழுப்பக் கூடாது, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அந்தக் காகிதம் துறைத் தலைவரின் முத்திரையோடு அறைக் கதவில் ஒட்டப்பட்டது.

அடுத்த அரையாண்டில் புதிதாக வரைந்த நெல் நிலையத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "ஃபைல் பேர் என்ன?" என்றார். வெட்டத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி: "நெல்லுல ஈரம் பாக்குற எடத்துக்கு மேல கூரை போட்டிருக்கியா? எங்கப்பா மூட்டையோட அங்கதான் நனைவாரு."

இல்லை. எடை மேடையோடு கூரையை முடித்திருந்தேன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, போய் மாற்றி வரைந்துகொண்டு வந்தேன். அந்தக் கூரையைத்தான் மதிப்பீட்டில் பாராட்டினார்கள்.

பெங்களூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். பிறகு தஞ்சாவூரிலேயே சின்னதாக ஓர் அலுவலகம் போட்டேன். போட்ட இரண்டாவது மாதம் அக்கா போன் செய்தார். ஊரில் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே மனை, இரண்டு பிள்ளைகள், வீடு கட்ட வேண்டும், வரைந்து கொடுப்பாயா என்றார். எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மூன்று தடவை வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் மனைக்கு வரைபடத்தைக் கொண்டுபோய், டேப்பை வைத்து, கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பார்த்தார். வெள்ளம் வந்த வருடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் காட்டினார். அடித்தளத்தை அதற்கு மேல் தூக்கினோம். அஸ்திவாரத்தில் இருந்து ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் வரை ஒரு கல் அவர் கண்ணில் படாமல் ஏறவில்லை. விடுப்பெல்லாம் அதற்கே போனது. மேஸ்திரி என்னிடம் தனியாக வந்து, அந்தம்மா கொஞ்சம் உட்காரக் கூடாதா என்று கேட்டார்.

கூரைக்குக் காங்கிரீட் போட்ட நாள். எடுத்தால் நிறுத்தாமல் போட்டு முடிக்க வேண்டிய வேலை. கலவையில் தண்ணீர் கூடினால் போச்சு, கம்பிக்கு அடியில் சரியாக இறங்காவிட்டால் போச்சு. அக்கா ஏழு மணிக்கே மேலே நின்றார். நானும் எட்டு மணிக்கு ஏறிவிட்டேன். பதினொன்றரைக்குப் பாதி முடிந்திருந்தது. வெயில் தலையைப் பிளந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ பாத்துக்கிறியா? நான் அம்மா வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டு வர்றேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"பாத்துக்கிறேன்க்கா."

ஏணியில் இறங்கிப் போனார். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது, வரவில்லை. அவர் கணவர் டீ தூக்கோடு மேலே ஏறி வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாப்பிட்டா, அப்படியே தரையில சாஞ்சு தூங்குறா. வேலை நடக்கையில இவ தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. எழுப்பட்டுமா?"

"வேணாங்க," என்றேன். "தூங்கட்டும். நான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு ஆள் கலவையில் இன்னொரு வாளித் தண்ணீரைச் சாய்க்கப் போனார். டீ கிளாஸை அக்காவின் கணவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அந்த ஆளிடம் போனேன்.